மேசையில தமிழ் கதைக்கக்கூடாது

— அப்ப கண்ணால கண்டும் ஒரு சொல் கதைக்காமல் வீட்டை வந்திட்டாய், என்ன றெனோல்ட்?

— அக்னெஸ் அக்கா, நான் அந்தக் கசினோவில வேலை செய்யிறவன். நாளைக்குப் போக்கர் போட்டி. பேர் பதிய வந்த சனமெண்டால் அப்பிடிச் சனம். நான் யூனிபோமோட மேசை அடுக்கிறன், அண்ணை வரிசையில நிக்கிறார். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கச் சொல்லுறியளோ?

— பிடிச்சால் என்ன? எங்களோட கூடப்பிறந்தவன்தானே.

— விளையாட வாற ஆக்களோட நாங்கள் பழகேலாது. தலைக்கு மேல கமரா. விளங்குதே? அதுதான் மத்தியானம் பிரேக் வந்த உடன உங்களுக்குப் போன் அடிச்சனான்.

— என்ரை மடுமாதாவே! கமராவுக்குப் பயந்து எமிலியானுஸை விட்டிட்டு வந்திருக்கிறான். ஆள் எப்பிடியடா இருக்கிறான்?

— மெலிஞ்சு போனார். தலை முழுக்க நரை. ஜக்கெட்டில ஒரு கை கிழிஞ்சு, டேப் ஒட்டியிருக்கு.

— ஐயோ, என்ரை தம்பி. எங்கை இருக்கிறானாம்?

— ஆருக்குத் தெரியும்? போனும் இல்லை, விலாசமும் இல்லை. நாளைக்கு அங்கை வருவார். அவ்வளவுதான் தெரியும்.

— அப்ப நாளைக்கு விட்டால் பேந்து இல்லை. நீ கிட்டப்போய்ச் சொல்லு ராசா. ஆஸ்பத்திரிக்கு அம்மாவைப் பாக்க வரட்டாம் எண்டு.

— என்ரை மேசைக்கு வந்தால் நான் எழும்பவேணும். சொந்தக்காரருக்குக் காட்ஸ் போடேலாது. மனேச்சரிட்டைச் சொன்னால் வேறை மேசைக்கு மாத்துவார். சொல்லாமல் இருந்தால் வேலை போம்.

— மாறுறதுக்கு முன்னம் ஒரு சொல்லுச் சொல்லன்!

— மேசையில தமிழ் கதைக்கக்கூடாது. பிரெஞ்சு, இல்லாட்டில் இங்கிலிஷ். வேறை பாஷையில வாய் திறந்தால் கள்ள விளையாட்டு எண்டு நினைப்பினம்.

— அப்ப பிரெஞ்சில சொல்லு.

— பெத்த தாய் சாகக்கிடக்கிறா எண்டு பிரெஞ்சிலயோ சொல்லுறது? "பொன்ஜூர் மெசியூ" எண்டு துவங்கியோ?

— உனக்குப் பகிடி! எந்தப் பாஷையில சொன்னாலும் தாய் தாய்தானே.

— நீங்களே வாசலில நிண்டு பிடியுங்கோவன்.

— என்னைக் கண்டால் ஓடுவானடா. போன வருசம் மெட்ரோவில கண்டிட்டு, கதவு மூடமுன்னம் இறங்கி ஓடினவனெல்லோ. காட்ஸைக் கையில வைச்சுக்கொண்டிருந்தால்தான் ஓடமாட்டான்.

— ஏன் ஓடுறார் எண்டு உங்களுக்குத் தெரியாதே? அந்த ஞாயிற்றுக்கிழமை மறந்துபோச்சே?

— செத்தாலும் மறக்காது.

— கோயில் நிறையச் சனம். அண்ணையைப் பாக்க வந்த பொம்பிளை வீட்டாரும் முன் வாங்கில. பூசை நடுவில மன்றாட்டு வாசிக்கினம், "சகோதரர் எமிலியானுஸ் சூதாட்டத்திலயிருந்து விடுபட மன்றாடுவோம்" எண்டு. பேரோட! அம்மா குடுத்த மன்றாட்டு. முழுச்சனமும் "ஆண்டவரே, கேட்டருளும்" எண்டு சொல்லிச்சுது.

— அவ நல்லதுக்குத்தான் செய்தவ. பேரைச் சொன்னால்தானே ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்.

— ஓமோம், ஆண்டவர் ஆள் தெரியாமல் முழுசிக்கொண்டு இருந்தவர்! அண்ணை நற்கருணைக்குக்கூட நிக்கேல்லை, எழும்பிப் போனவர்தான், அதுக்குப்பிறகு வீட்டுக்கு வரேல்லை. அவருக்குக் காட்ஸில முன்னூற்றிநாலு விளையாடப் பழக்கினது ஆர்? அம்மாதானே?

— நீயும் அதே காட்ஸிலதானே சீவிக்கிறாய். உனக்கொரு மன்றாட்டும் இல்லை.

— எனக்குச் சம்பளமும் பென்சனும் இருக்கெல்லோ. அது பாவமில்லை.

— வாயைப் பார். வீட்டில அவன்ரை கட்டிலை அம்மா ஒருத்தரையும் தொடவிடமாட்டா. கிழமைக்குக் கிழமை விரிப்பு மாத்துவிப்பா. அவனுக்கு அது தெரியவேணுமடா.

— உங்கடை போனைத் தாங்கோ, ஆஸ்பத்திரிக்கு அடிச்சு அம்மாவோட கதைப்பம்.

— இப்ப வேண்டாம். நித்திரை.

— உங்கடை மகள் செலீன் அம்மாவின்ரை பக்கத்தில இருக்கிறாள்தானே? பின்னேரம் முழுக்க அடிக்கிறன், அவளும் எடுக்கிறாளில்லை.

— ஆஸ்பத்திரிக்குள்ள போன் கதைச்சால் நேர்ஸ்மார் ஏசுவினம்.

— இதுக்கே பியர்பொன்ட்ஸிலயிருந்து பஸ் மாறி மாறி லாசாலுக்கு என்ரை வீட்டை வந்தனீங்கள்? போனில சொல்லியிருக்கலாமே.

— போனில சொன்னால் ஓம் எண்டுபோட்டு விட்டிடுவாய். சத்தியம் பண்ணு. நாளைக்குப் போய்ச் சொல்லுறன் எண்டு.

— இல்லையக்கா. நான் நாளைக்குப் போகேல்லை.

— என்ன?

— லீவு சொல்லப்போறன். வரமாட்டன் எண்டு நிக்கிற மனுசனுக்குப் பின்னால என்னத்துக்கு அலையிறது? நத்தாரும் பெரிய வெள்ளியும் அந்த மேசையிலயே போச்சு. அம்மாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு நாள் நான் இருந்ததில்லை. கடைசியில ஒரு மகனாவது பக்கத்தில இருக்கட்டும்.

— விசரே உனக்கு? நீ போகாட்டில் அவனை ஆர் பிடிக்கிறது?

— போனவர் போகட்டும். எழும்புங்கோ, காரில போவம். இப்பவே அம்மாவிட்டைப் போறன்.

— இரு.

— சப்பாத்துப் போட்டிட்டன். வாங்கோ.

— றெனோல்ட், இரடா... இப்பிடி வந்து இரு.

— என்னக்கா?

— மத்தியானம் நீ போன் அடிக்கேக்கை அம்மா போயிட்டாவடா. அதைச் சொல்லத்தான் வாய் திறந்தனான், நீ அண்ணையைக் கண்டன் எண்டாய்... நாளைக்கு வேலைக்குப் போ ராசா, பெட்டி மூடமுன்னம் அவனைக் கூட்டிக்கொண்டு வா.