முதல் தீர்த்தம்

காலைக் காப்பிக்கு முன்னால் நான் பொய் சொல்வதில்லை. அது என் அனுஷ்டானம். பால்காரன் இன்னும் வரவில்லை. ஆகையால் நீங்கள் இதை நம்பலாம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னச் சன்னிதி உண்டு. பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போவார்கள். அங்கே முதல் தீர்த்தம் என் வயதுக்காரர் வேதாந்தத்தின் வீட்டுக்கு, இரண்டாம் தீர்த்தம் எங்கள் வீட்டுக்கு. பாட்டனார்களுக்கும் முந்திய ஏற்பாடு. இரண்டாவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. அதே பெருமாள், அதே தீர்த்த வட்டில், அதே துளசி. நான் சொன்ன பொய்களில் நானே நம்பாதது இது ஒன்றுதான்.

அந்தச் சன்னிதியில் ஒரு கட்டுப்பாடு. முதல் தீர்த்தக்காரர் மார்கழிப் பாராயணம் நிறைவாகிற சாற்றுமுறையன்று தன் காலில் நின்று தீர்த்தம் வாங்க வேண்டும். தவறினால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வேதாந்தம் தவறுகிற ஆளா? எண்பதை நெருங்கியும் தினம் விடியலில் அம்மா மண்டபத்துக்கு நடந்துபோய், காவிரியில் முழுகி, ஈர வேஷ்டியோடு குடத்தில் நீர் சுமந்து வருவார். கெண்டைக்கால் ஒவ்வொன்றும் தேர்வடம் மாதிரி இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் எட்டுக் கிரகமும் ஒன்றுகூடி உலகத்தை அழிக்கப்போகின்றன என்றார்கள். உலகம் அழியவில்லை. பயம் மட்டும் ஊரில் மிச்சம் கிடந்தது. அப்போது ஒரு சாயங்காலம், சன்னிதி வாசலில் நாலு பேர் கூடியிருக்கையில், வழக்கம்போல ஒரு கதை விட்டேன். ஜீயபுரத்துக் கிழவர் ஒருவர் வாழைத்தோலில் கால் வைத்தார். வழுக்கியவர் நிற்கவே இல்லை. ஆற்றங்கரையோடு வழுக்கிக்கொண்டே வந்து ஸ்ரீரங்கத்தில்தான் எழுந்தார். வந்ததோடு பெருமாளையும் சேவித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போனார்.

எல்லோரும் சிரித்தார்கள். வேதாந்தம் மட்டும் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"விழுந்தவருக்கு இடுப்புக்கு ஒண்ணும் ஆகலையா காணும்?" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெரிய பொய்யைக் கேட்டு மனிதர்கள் சிரிப்பார்கள். சின்னப் பொய்யை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

அதன்பிறகு அவருக்குச் சின்னதாகவே சொன்னேன். வடக்கு வீதியில் ஒருவர், பெயர் வேண்டாம், செருப்பைக் கழற்றக் குனிந்தார், அவ்வளவுதான். இன்னொருவர் அம்மா மண்டபத்தில் ஈரப் படியில் வேஷ்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். "அப்புறம்?" என்பார் வேதாந்தம். "அப்புறம் என்ன ஓய். இன்னும் கிடக்கிறார். புரட்டிப் போட ரெண்டு பேர் வேணும்" என்பேன். அப்படி யாரும் கிடக்கவில்லை. ஊரில் அப்போது எல்லாக் கிழவர்களும் திடமாகத்தான் இருந்தார்கள்.

ஆடியில் அவர் காவிரிக்குப் போவதை நிறுத்தினார். புதுவெள்ளம் வடிந்ததும் போகலாம் என்றேன். வெள்ளம் வடிந்தது, பாசி இருக்கும் என்றேன். பிறகு கிணற்றடி. பிறகு அங்கேயும் வழுக்கும் என்று அறைக்குள்ளேயே வெந்நீர். அவருடைய மருமகள் வைஜயந்தி கண் கலங்கினாள். "மாமா, நீங்க இல்லேன்னா இவர் தனியாக் கெளம்பிப் போய் எங்கேயாவது விழுந்திருப்பார். பெருமாளாப் பாத்து உங்களை அனுப்பிச்சிருக்கார்" என்றாள். நான் மறுக்கவில்லை. பெருமாள் விஷயத்தில் நாம் என்ன கண்டோம்.

தேர்வடம் போன்ற கால் ஐப்பசியில் முருங்கைக்காய் ஆகிவிட்டது. அவர் மகன் ஆபீசுக்குப் போனால் இருட்டித்தான் வருவான். ஆகவே நானே வண்டி வைத்துத் தென்னூர் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்தார்; அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"காலுக்கு ஒண்ணும் இல்லீங்க. பயம்தான். புடிச்சுக்கிட்டாவது தினம் நடக்க விடுங்க. நடக்காத காலுதாங்க விழும்."

நல்ல டாக்டர். வெளியே வந்ததும் வேதாந்தம் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்னார் காணும்?"

"அசையப்படாதாம்" என்றேன்.

நான் விரும்பியது இவ்வளவுதான்: சாற்றுமுறையன்று அவர் வீட்டில் சௌக்கியமாகப் படுத்திருக்க வேண்டும். கீழே விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வேதாந்தம் பிடிவாதக்காரர். அன்று காலை பன்னிரு திருமண் சாத்திக்கொண்டு, வைஜயந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை வந்துவிட்டார். சன்னிதிப் படியில் அவளை விட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு வந்து தன் இடத்தில், எனக்கு வலப்பக்கம் நின்றார். முழங்கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. சாற்றுமுறை முடிந்து அர்ச்சகர் வட்டிலோடு வந்தார். தீர்த்தம் வாங்குவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும்: இடது கையில் உத்தரீயம், அதன்மேல் குழித்த வலது கை. இரண்டு கையும் அதற்கே போய்விட்டால் சுவரைப் பிடிக்கக் கை ஏது. அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"பராசரா, கையைக் குடுடா" என்றார். வேதபாடசாலை நாட்களுக்குப் பிறகு அவர் என்னை 'டா' போட்டதில்லை.

என் கை தீர்த்தத்துக்கு ஏந்தியிருந்தது. ஏந்திய கையை விலக்குவது அபசாரம்.

அவர் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. இடுப்பு எலும்பு. பங்குனி வரை கிடந்து பரமபதித்தார். புரட்டிப் போட உண்மையாகவே ரெண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவன் நான். அதையெல்லாம் ஊரே சொல்லும். நான் சொல்ல வந்தது அந்த நிமிஷத்தை. படியில் வைஜயந்தி அலறினாள். கோஷ்டி கலைந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. அர்ச்சகர் வட்டிலோடு திகைத்து நின்றார்.

"சுவாமி, தீர்த்தம் சாதிக்கணும்" என்றேன்.

சாதித்தார். முதல் தீர்த்தம் என் கையில் விழுந்தது. ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. மனதில் களங்கம் இருந்திருந்தால், இந்த வயதில் கை நடுங்கியிருக்காதா?