ஓவர்பிரிட்ஜில் கொட்டிய கார்டுகள்

யூனிஸ்: ...நில்லுடி சீலி. கையில என்ன கட்டு?

ஜெயசீலி: முதல்ல இந்த பெஞ்சுல உட்காரு. பீச் ரயில் வர இன்னும் நேரம் இருக்கு.

யூனிஸ்: நேத்து உன் கார்டுப் பெட்டியோட என் பெட்டியையும் குடுத்து அனுப்பினேனே. கம்ப்யூட்டர் சென்டர்ல சேர்த்தியா இல்லையா?

ஜெயசீலி: அதத்தான் சொல்ல வர்றேன். திட்டாம கேப்பியா?

யூனிஸ்: ...சொல்லு.

ஜெயசீலி: இதோ, இந்த ஓவர்பிரிட்ஜ் படியில செருப்பு வழுக்கிடுச்சு. என் பெட்டியக் கக்கத்துல இடுக்கியிருந்தேன், தப்பிச்சுது. உன் பெட்டி...

யூனிஸ்: விழுந்துடுச்சா?

ஜெயசீலி: மூடி திறந்து படி பூரா கார்டு. சுண்டல்காரர் வேற, "இன்னாம்மா, இம்மாம் சீட்டுக்கட்டு வச்சிகினு யார்கூட ஆடப் போற"ன்றார்.

யூனிஸ்: பொறுக்கினியா?

ஜெயசீலி: பொறுக்கினேன். ஆனா வரிசை போச்சே. ஒரு கார்டு இடம் மாறினாலே கம்ப்யூட்டர் மிஷின் படிக்காம துப்பிடும். அதான் குடுக்கல.

யூனிஸ்: குடுக்கவே இல்லையா?

ஜெயசீலி: வாரத்துக்கு ஒரு தடவைதான் நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு அந்த மிஷின் கிடைக்குது. அதையும் உனக்கு இல்லாம பண்ணிட்டேன். ...ஏன்டி திட்டாம உட்கார்ந்திருக்கே?

யூனிஸ்: கார்ட யாராவது... படிச்சுப் பார்த்தாங்களா?

ஜெயசீலி: தாம்பரம் ஸ்டேஷன்ல உன் தீசிஸ யாரு படிக்கப் போறா?

யூனிஸ்: ஐயோ, நம்ம கைடு ஜீவரத்தினம் சாருக்குத் தெரிஞ்சா? இந்த வாரம் பெட்டி போகலன்னா ஃபெலோஷிப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னாரே.

ஜெயசீலி: காலையிலயே போய் ஒத்துக்கிட்டேன். "தப்பு என்னுது சார், அவளத் தண்டிக்காதீங்க"ன்னேன். மனுஷன் என் கட்டப் பார்த்தார்... கையெழுத்துப் போட்டுட்டார்.

யூனிஸ்: போட்டுட்டாரா?

ஜெயசீலி: ஈஸ்டர் வரைக்கும் உனக்கு டைம். நம்ம ரூம்ல கார்டுல ஓட்டை போடற பஞ்சிங் மிஷினும் தினம் மத்தியானம் உனக்குத்தான். வேற யாரும் தொடக் கூடாதாம்.

யூனிஸ்: கர்த்தாவே...

ஜெயசீலி: ஏய், அழறியா?

யூனிஸ்: போன உயிரு திரும்பி வந்துச்சுடி. ...சீலி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டியில என் கார்டே இல்ல.

ஜெயசீலி: ம்.

யூனிஸ்: டிபார்ட்மென்ட் பூராவுக்கும் இருக்கறது ஒரே பஞ்சிங் மிஷின். நீ முடிக்கணுமேன்னு என் முறையெல்லாம் உனக்கே விட்டுட்டேன். என்னுது பாதிகூட ஆகல. சாருக்குப் பயந்து, குப்பைத்தொட்டியில கிடந்த வேஸ்ட் கார்ட அள்ளி ரொப்பிட்டேன்.

ஜெயசீலி: பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கற மாதிரி.

யூனிஸ்: சிரிக்காதடி. மிஷின் துப்பினதும் மானம் போயிடும்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. லெந்து நோன்பு நாளும் அதுவுமா பொய் வேற. அந்தக் குப்பைய நீ படிபடியா பொறுக்கி, கையையும் சுளுக்கிக்கிட்டு...

ஜெயசீலி: வண்டி வருது, எழுந்திரு.

யூனிஸ்: கோவமா? கை ரொம்ப வலிக்குதா?

ஜெயசீலி: சென்டர் வாசல்லயே உன் பெட்டியத் திறந்து பார்த்துட்டேன். அத்தனையும் நான் கெடுத்துப் போட்ட கார்டு, நானே சிவப்பு மையில அடிச்ச கோடு. உன் முறையெல்லாம் எங்க போச்சுன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. லெந்து நாள்ல நீ ஒருத்திதான் பொய் சொன்னியா? ...இந்தா, இந்தக் கட்டு முடிச்ச அவுத்து விடு, அரிக்குது. நான் எங்கடி விழுந்தேன்?