ரெண்டு வயரும் சுடுது

— ரெண்டு வயரும் சுடுது, ஹமூங்கா! கை வைக்க முடியல!

— முதிந்தாக்கா, நர்ஸே இப்படிக் கத்தலாமா? போன்ல காது கிழியுது. ஆக்ஸிஜன் மெஷின் ஓடுதா?

— ஓடுது. பிறந்த குழந்தைப்பா. நெஞ்சு குழிஞ்சு குழிஞ்சு எழும்புது. கரண்ட் காலையிலேயே போச்சு, கரிபா அணையில தண்ணி இல்லையாம். சோலாருக்கு வெயிலும் இல்ல, ஒரே மேகம். நீ கிளினிக்ல வச்சுக் குடுத்த பேட்டரிதான் கதி. எங்கேயோ கருகுற வாடை வேற. ஓடி வந்துடேன்!

— மொன்ஸே டவுன்லேருந்து எங்க ஓடி வர? இருட்டிடும். நீங்கதான் இப்போ என் கை. கேளுங்க. ரெண்டு பேட்டரி, ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. ஆளுக்கொரு டயோடு. டயோடுன்னா ஒருவழிக் கதவு. வெளியே விடும், உள்ளே விடாது.

— பாடம் நடத்துற நேரமா இது? ஆண்டவரே!

— பாடம் இல்லக்கா, வாய்விட்டு யோசிக்கிறேன். ரெண்டு கதவும் சேர்ந்து வெளியே விடுதுன்னு வச்சுப் பார்த்தேன். ஒத்து வரல. பட்டி வாசல்ல ரெண்டு காளை முட்டினா பலசாலிதான் வெளியே வரும், மத்தது உள்ளேயே நிக்கும். அப்போ புது பேட்டரி வயர்தான் சுடணும். பழசோட வயர் சில்லுனு இருக்கணும்.

— ரெண்டும் சுடுதுங்கறேனே, செவிடா நீ?

— அதான் பயமா இருக்கு. பழசோட கதவு வெந்து திறந்தே கிடக்கு. புதுசு குடுக்கறதை எல்லாம் அது உள்ளே இழுக்குது. இப்படியே விட்டா குழந்தைக்கு மிஞ்சாது. பழசைக் கழட்டுங்க.

— எது பழசு? ரெண்டும் கறுப்பு, ரெண்டும் ஒரே அளவு!

— ஜன்னல் பக்கம் இருக்கறது. நான்தானே வச்சேன்.

— மாத்திக் கழட்டிட்டா?

— மாத்தாதீங்க.

— ...கழட்டிட்டேன். ஓடுது! ஹமூங்கா, ஓடுது!

— மீட்டர் எத்தனை வோல்ட் காட்டுது?

— பதினொண்ணு. இறங்குது.

— பன்னெண்டரை நிக்கணுமே! கணக்குல தப்பில்ல... அக்கா, பேட்டரியை யாராவது நகர்த்தினீங்களா?

— யாரு நகர்த்தப் போறா? இரு, இரு... பெரிய டாக்டர் வர்றார்னு சனிக்கிழமை தரைக்கு சிவப்பு மெழுகு தேய்ச்சோம். எல்லாத்தையும் வெளியே எடுத்து வச்சு...

— திருப்பி வைக்கறப்போ?

— யாருக்குத் தெரியும்! தரை பளபளன்னு இருந்துச்சு, அதைத்தான் பார்த்தோம்!

— நல்லதைக் கழட்டிட்டோம்க்கா! அதை முதல்ல மாட்டுங்க. மாட்டின பிறகு மத்ததைப் பிடுங்குங்க. அவசரத்துல முன்னே பின்னே பண்ணிடாதீங்க.

— மெஷின் கத்துது! உதடு நீலமாகுதுப்பா, ஐயோ!

— சிவப்புக்கு சிவப்பு. இறுக்கிப் பிடிங்க, விட்டுடாதீங்க. அக்கா? அக்கா! பேசுங்களேன்!

— ...மாட்டிட்டேன். மத்ததைப் பிடுங்கி எறிஞ்சுட்டேன்.

— மீட்டர்?

— பன்னெண்டரை. அசையாம நிக்குது.

— குழந்தை?

— நீலம் விலகுது... இதோ, அழறா. கேக்குதா?

— கேக்குது. பூனைக்குட்டி மாதிரி. நீங்க ஏன்க்கா அழறீங்க? யார் வீட்டுப் பிள்ளை?

— உன் லுயாண்டோவுக்கு ஒரு மாசம் முந்தியே வலி வந்துடுச்சு தம்பி. உன் பொண்டாட்டிதான் பக்கத்துக் கட்டில்ல கிடக்கா. சொன்னா உன் புத்தி ஓடாதேன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்.