சாரி சொல்லத் தெரியாத தம்பி

டீ நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரை கம்மியாகக் கேட்டேன், அப்படியே கொடுத்தார்கள்.

என் தம்பியைப் பற்றித்தானே கேட்டீர்கள்? தங்கமான பையன். வார்த்தைதான் அவனுக்கு ரொம்ப மலிவு. எதற்கெடுத்தாலும் சாரி. யார் காலையாவது மிதித்தால் சாரி, வேலைக்குத் தாமதமாக வந்தால் சாரி, சொன்னது காதில் விழாவிட்டாலும் "சாரி?" என்று புருவத்தைத் தூக்குவான். இருவருக்கும் ஒரே மீன் கிடங்கில்தான் வேலை. நான் மேற்பார்வையாளன், அவன் பெட்டி அடுக்குபவன். அங்கே எல்லோரும் அவனை 'சாரி' என்றே கூப்பிடுவார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்புவான்.

என்னைப் பொறுத்தவரை அந்த வார்த்தை அடிமனதிலிருந்து வர வேண்டும். என் மனைவிக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். சாப்பாட்டில் உப்புக் கூடினால் சாரி சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொல்லும்வரை வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். மழை நாளில் குடைகூடக் கொடுத்திருக்கிறேன். நான் யார் மேலும் கை வைத்தவன் இல்லை.

போன வாரம் அவள் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டது என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவனே வந்து சொன்னான்.

"அண்ணி இனிமே வரமாட்டாங்கண்ணா. சாரி."

சாவு வீட்டில் துக்கம் கேட்பதுபோலச் சொன்னான். எனக்காக வருத்தமாம். தான் செய்த காரியத்துக்கு ஒரு வார்த்தை இல்லை.

மீனை உறைய வைக்கும் அறையில் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். குளிருக்குப் போடும் கோட்டைத் தேடினான். ஒரு நிமிட வேலைதானே என்றேன். உள்ளே போனான். கதவைச் சாத்தினேன். உள்பக்கத்துக் கைப்பிடி உடைந்திருந்தது எனக்குத் தெரியும்; அதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டியவனே நான்தான்.

முதலில் சிரித்தான். "சரி, சாரிண்ணா. திற." அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம் தட்டினான். அப்புறம் குரல் இறங்கியது.

"அண்ணா, நான் பண்ணது தப்பு. மன்னிச்சிடு. கை விறைக்குது."

நன்றாகத்தான் சொன்னான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தப்புக்காகச் சொன்னானா, கை விறைத்ததற்காகச் சொன்னானா? யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். கண்ணயர்ந்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள், விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

சாயங்காலம் திரும்பினேன். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. கதவைத் திறந்து, "எழுந்து வாடா, மன்னிச்சிட்டேன்" என்றேன். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான், மீசையெல்லாம் பனி.

மூத்தவன் நானே இறங்கி வந்து மன்னிக்கிறேன், ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை ஐயா. கடைசிவரை மரியாதை தெரியாமலே போய்விட்டான்.