பாதியில் நின்ற சிவப்பு வில்லை

"...பாதி டாங்க் இருக்காம்! எங்க வீட்டு டாங்க்ல பாதி எண்ணெய் இருக்காம்! அந்தக் கவுண்டர் ஜன்னல்ல உக்காந்திருக்காளே தெல்மா, அவ எங்கிட்டயே சொல்றாம்மா. வீடு என்னுது, டாங்க் என்னுது, நேத்து சாயந்தரத்துலேருந்து ஜில்லுனு கெடக்குற ரேடியேட்டர் என்னுது. ஆனா உள்ள எவ்வளவு இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. நல்லாருக்கில்ல கத?"

பக்கத்து நாற்காலிப் பெண் தலையை லேசாக அசைத்தாள். ஊருக்குப் புதுசு. முக்காடு, அதற்கு மேல் யாரோ தானமாகக் கொடுத்த ஆம்பளைக் கோட்டு. புரிந்து அசைத்தாளா, புரியாமல் அசைத்தாளா என்பதில் பேசிக்கொண்டிருந்த ஒடீலுக்கு அக்கறை இல்லை. தலை அசைந்தால் போதும், அவளுக்கு ஒரு மணி நேரம் ஓடும். மூடிப்போன மாதா கோயிலின் அடித்தளத்தில் நடக்கிறது, குளிரில் வீட்டைச் சூடாக்க எரிக்கிற எண்ணெய்க்கு உதவி தரும் அந்த ஆபீஸ். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் பிப்ரவரி மாதம் கையில் காசில்லாதவன் கடைசியாக வந்து நிற்கிற இடம். வந்தவர்கள் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. ஒடீலுக்கு மறுபக்கம் அவள் புருஷன் ஒனெசிம், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கினார்.

"இவரப் பத்திக் கவலப்படாத. காது மிஷினக் கழட்டிப் பையில போட்டுக்குவாரு. சும்மா உக்காந்திருக்கையில பேட்டரிய எதுக்கு வீணாக்கணும்பாரு. பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் கேக்காது. எங்க விட்டேன்... தெல்மா. அவ அம்மாவும் நானும் ஒண்ணா உருளக்கெழங்கு பொறுக்குனவங்க. என்னா மனுசி தெரியுமா அது! அந்த வயித்துல இப்படி ஒண்ணு. 'ஆன்ட்டி, கால் டாங்க்குக்குக் கீழ எறங்குனாத்தான் அவசர எண்ணெய். மேல இருந்தா வரிசையில நிக்கணும். உக்காருங்க, மறுபடி கூப்பிடுறேன்'ங்கிறா. வரிசை எப்படி வரும்? ஆத்துல ஐஸ் ஒடையிறப்ப வரும். அப்ப வந்து எண்ணெய எறக்கிட்டுப் போனா நான் என்ன பண்றது? கெழங்கு வறுக்கவா?"

"இன்னிக்கு ராத்திரி இருக்கு பாரு... ரேடியோக்காரன் சொன்னத நீ கேட்டியோ என்னமோ. காத்தோட சேத்தா பூஜ்யத்துக்குக் கீழ நாப்பதாம். அவன் என்னமோ கல்யாணச் சேதி மாதிரி சந்தோசமாச் சொல்றான். குழாய் வெடிச்சுதுன்னா அவனா வந்து அடைக்கப்போறான்? நேத்து ராத்திரி அடுப்பு ஓவனத் தொறந்து வச்சுட்டு அதுக்கு முன்னாடியே உக்காந்திருந்தோம். ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டியாச்சு. டீசல் வாங்கி ஊத்தலாம்தான். மஞ்சக் கேன்ல புடிச்சுட்டு வந்து ஊத்துனா ரெண்டு நாள் ஓடும், ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டுறான். அந்தக் கேனுக்கும் வழியில்லன்னாத்தான இங்க வரோம்? எங்க நாத்தனாரு ஃப்ளோரிடாவுல இருக்கா. கிறிஸ்மஸுக்கு ஆரஞ்சுப் பெட்டி அனுப்புனா. 'கதகதப்பா இருங்க'ன்னு ஒரு கார்டு. எதுல இருக்கறது? ஆரஞ்சுலயா?"

அந்தப் பெண் சிரிப்பதுபோல உதட்டைக் கோணினாள். ஒடீலுக்கு இன்னும் சுருதி ஏறியது.

"பாதி டாங்க்னு உனக்கு யாருடி சொன்னான்னு கேட்டேன். 'உங்க வீட்டுக்குப் போன் பண்ணோம் ஆன்ட்டி, அங்கிள்தான் எடுத்தாரு. கேஜ் என்ன காட்டுதுன்னு கேட்டோம். பாதி காட்டுதுன்னாரு'ங்கிறா. இவருதான்! இதோ தூங்குறாரே, இந்தத் தொர! நான் அந்த நேரம் பாத்துக் குப்பையக் கொட்டப் போயிருந்தேன். ஒரு நிமிசம்மா. ஒரே நிமிசம்."

"அவங்களும் நம்பாம என்ன செய்வாங்க? இவரு முப்பது வருசம் எண்ணெய் லாரி ஓட்டுனவரு. இந்த ஊர்ல இவரு எறங்காத நெலவற கெடையாது. கேஜே பாக்க மாட்டாரு. டாங்க்கோட வயித்துல ரெண்டு தட்டு தட்டுவாரு, சத்தத்தக் கேப்பாரு, இவ்வளவு இருக்குன்னு சொல்லிருவாரு. கம்பெனியில மறுபேச்சு இருக்காது. ஒனெசிம் சொன்னா ஒனெசிம் சொன்னதுதான். வேலய விட்டு நின்னப்ப அதுக்குன்னே ஒரு கடிகாரம் குடுத்தாங்கம்மா. ஓடல அது, ஆனா குடுத்தாங்க. இப்பதான் காது போச்சே, தட்டி என்னத்தக் கேக்கறது? கேஜத்தான் நம்பணும். கேஜு..."

ஒடீல் நிறுத்தினாள். புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தொப்பி அசையவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் பூட்ஸின் நுனியைப் பார்த்தபடி பேசினாள்.

"உங்கிட்ட சொல்றேன், வெளிய விட்டுறாத. அந்தக் கேஜுங்கறது, டாங்க் மேல கண்ணாடிக் குப்பி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும். உள்ள செவப்பு வில்ல. எண்ணெய் எறங்க எறங்க வில்லயும் எறங்கும். இவருக்குக் காலையில எந்திரிச்சதும் அதான் பூச. கீழ போவாரு, வில்லயப் பாப்பாரு, மேல வந்து சூட்டக் கொறைப்பாரு. நான் ஏத்துவேன். அவரு கொறைப்பாரு. கோட்டு போட்டுக்கிட்டுத்தான் சாப்பாடு. சுடச்சுட ப்லாய் அடை சுட்டு எறக்குனா, தட்டுக்கு வர்றதுக்குள்ள வெண்ணெ ஒறஞ்சுரும். போன வருசம் இப்படித்தான் எண்ணெய மிச்சம் புடிச்சாரு. நிமோனியாவுல படுத்தாரு. டாக்டர் எங்கிட்ட வெளிய வந்து பேசுனான். உள்ள பேசுனா பரவால்ல. வெளிய வந்து பேசுனான்."

"அதான். ஒரு நாள் அந்தக் குப்பியத் திருகிக் கழட்டி, வில்லைக்கு அடியில ஒரு பல்குச்சிய ஒடச்சுச் சொருகிட்டேன். பாதியில நிக்கிற மாதிரி. முழுசா வச்சா நம்ப மாட்டாருல்ல? பாதின்னா ஒரு கௌரவமா இருக்கும். அன்னையிலேருந்து சூட்டுல கைய வைக்கல மனுசன். பாக்குறாரு, மேல வர்றாரு, காப்பி குடிக்கிறாரு. வீடு வீடா இருந்துச்சு... எண்ணெயும் சீக்கிரம் தீந்துச்சு. தீரும்தான. நேத்து எண்ணெயில்லாம பர்னர் நின்னப்ப இவருகிட்ட ரிப்பேருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"இப்ப நான் தெல்மாகிட்டப் போயி என்னன்னு சொல்ல? கேஜ் பொய் சொல்லுதுன்னா, ஏன் சொல்லுதுன்னு கேப்பா. ஆபீஸ ஏமாத்துனேன்னு எழுதிக்குவா. நான் ஆபீஸ ஏமாத்தலம்மா! ஆபீஸ ஏமாத்தணும்னா காலின்னுல்ல காட்டியிருப்பேன்? புருசனத்தான் ஏமாத்துனேன். உண்மையச் சொன்னா இவருக்குத் தெரிஞ்சுரும். தெரிஞ்சா எண்ணெய் வந்தாலும் சூட்டப் போட விடமாட்டாரு. சொல்லலன்னா இன்னிக்கு ராத்திரி... நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

"ம்."

ஒடீல் நிமிர்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. முக்காட்டுப் பெண் எப்போதோ ஜன்னலுக்குப் போய்விட்டிருந்தாள். 'ம்' வந்தது மறுபக்கத்திலிருந்து.

தொப்பி அப்படியேதான் இருந்தது. ஆனால் தொப்பிக்குக் கீழே, காதில், மிஷின் இருந்தது.

"எப்பலேருந்து அது காதுல இருக்கு?" என்றாள்.

"காலையிலேருந்து."

"கேட்டும் கோவப்படல. அப்ப முன்னாடியே தெரியுமா உங்களுக்கு? ஒரு மாசமா சூட்டக் கொறைக்கல, ஒண்ணும் கேக்கல, நான் அப்பவே..."

"ஒரு மாசமா ஒரே எடத்துல நிக்கிற வில்லய நான் பாத்ததில்ல, ஒடீல். வாரத்துக்கு ஒரு தடவயாவது கொஞ்சம் எறக்கி விட்டிருக்கலாம்."

"தட்டுனா கேக்காதே உங்களுக்கு?"

"காது போச்சு. கை போகலயே. தட்டுனா வெரலுக்குத் தெரியும்."

ஒடீலுக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே பாதின்னு சொன்னீங்களா அந்தப் பொண்ணுகிட்ட?"

"கேஜ் என்ன காட்டுதுன்னு கேட்டா. காட்டுனதச் சொன்னேன். டாங்க்ல என்ன இருக்குன்னு அவ கேக்கல." குரலைத் தாழ்த்தி, "சொன்னா உன் பல்குச்சி வெளிய வந்துரும்ல. நீயும் ஒரு மாசமா சாக்ஸ் போடாமத் தூங்குன" என்றார்.

"ஒனெசிம் அங்கிள்!" என்று தெல்மா கூப்பிட்டாள்.

ஒடீல் எழப்போனாள். ஒனெசிம் அவள் தோளில் கைவைத்து உட்கார்த்திவிட்டு, தானே போனார். ஜன்னலுக்கு முன் தொப்பியைக் கழற்றினார். காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னார். ஹால் முழுக்கக் கேட்டது:

"தெல்மா, நான் கேஜத் தப்பாப் பாத்துட்டேன். டாங்க் காலி. கண்ணு போச்சும்மா எனக்கு."

அந்த ஹாலில் பாதிப் பேர் வீட்டு டாங்க்கை அவர் நிரப்பியிருக்கிறார். அவர்கள் எல்லாரும் தங்கள் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்கள். தெல்மாவும் அவரைப் பார்க்காமல் எழுதினாள். "சாயந்தரத்துக்குள்ள லாரி வரும் அங்கிள். ஆனா டிரைவர் மொதல்ல கேஜப் பாத்துட்டுத்தான் ஊத்துவான்."

குப்பிக்குள் பல்குச்சி அப்படியே இருக்கிறதே என்று ஒடீல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். ஒனெசிம் நிதானமாகத் திரும்பி வந்தார். அவர் உட்காரும்போதுதான் பார்த்தாள்: வாயோரத்தில் ஒரு பாதிப் பல்குச்சி. எண்ணெய் வாடை அடித்தது.

"காலையிலயே எடுத்துட்டேன்" என்றார். காதிலிருந்து மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

முன் வரிசைக் கிழவர் ஒருவர் ஒடீல் பக்கம் திரும்பினார். "ஒனெசிமே கேஜத் தப்பாப் பாத்துட்டாரா? நம்பவே முடியலயேம்மா!"

ஒடீல் வாயைத் திறந்தாள். எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"வயசாச்சில்ல" என்றாள்.