மாமியாருங்க இரும்பு தூக்கின கதை

சத்தியம் தம்பி, சத்தியம்! இந்தா, ரொட்டி மேல கைய வச்சுட்டேன். எங்க ஊர்ல இதுக்கு மேல ஒரு சத்தியம் கெடையாது. ஒரு வார்த்த பொய் இருந்தா இந்தக் கை அழுகி விழட்டும். எங்க நாரின் ஊரே என்னப் புளுகன்னு சொல்லும், சொல்லட்டும். இன்னைக்கு நான் பேசறது அத்தனையும் உண்ம.

எழுந்திருக்காதீங்க, உக்காருங்க. இந்த ஜிம்ம நடத்துற பெகிமாய் இப்ப வந்துருவா, கரி லாரியப் பாக்கப் போயிருக்கா. அந்தக் காயிதத்தக் கொஞ்சம் உள்ள வைங்க. என்னது, மருமகப் பொண்ணுங்கள இங்க பட்டினி போடுறாங்கன்னு புகாரா? ம். சோதன பண்ண வந்த உங்களுக்கு என்ன, பூட்டி சீல் வச்சுட்டுப் போயிருவீங்க, அஞ்சு நிமிஷ வேல. பெகிமாய்தான் மறுபடி மாஸ்கோ பஸ்ஸுல ஏறணும். அதுக்காகத்தான் சொல்றேன், மொதல்ல கதையக் கேளுங்க. பதினோரு மணிக்குள்ள முடிச்சுடறேன். அப்புறம் மாமியாருங்க வந்துருவாங்க, இங்க ஒரு ஆம்பள வாய் தொறக்க முடியாது.

நானா? அடுப்புக்குக் கரி போடுறவன். வேற யாருமில்ல.

பெகிமாய் ஒரு குஸ்திக்காரி தம்பி. பதினெட்டு வயசுல முழங்கால் போயிருச்சு, குஸ்தியும் அதோட போச்சு. மாஸ்கோவுக்குப் போயி ஒரு பெரிய ஜிம்முல தரை தொடச்சா. தொடச்சுக்கிட்டே பாத்தா, பாத்துக்கிட்டே கத்துக்கிட்டா. ரெண்டு வருஷத்துல தொடப்பத்த வச்சுட்டு அங்கயே சொல்லிக் குடுக்குறவளா ஆயிட்டா. ஆனா ராத்திரி படுத்தா ஒரே யோசன. இவ்வளவும் நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்குச் சொன்னா என்னன்னு. தூக்கமே வரல. வந்துட்டா.

இந்தக் கட்டடம் அப்ப மாட்டு ஆஸ்பத்திரி. அந்த நாத்தம் போக பதினோரு தடவ சுண்ணாம்பு அடிச்சா. கடைசித் தடவ, போதும் தாயின்னு செவரே கெஞ்சிச்சு, இந்தக் காதால கேட்டேன். சிரிக்காதீங்க. ரொட்டி மேல கை இன்னும் இருக்கு.

மொத மாசம் மூணு மருமகப் பொண்ணுங்க வந்தாங்க. வீட்டுல எல்லாருக்கும் டீ ஊத்திக் குடுத்துட்டு, கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஓடி வருவாங்க. அதுல ஜீபெக்னு ஒருத்தி. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல உருண்டு தெரண்டு போயிருந்தா, படி ஏறினா மூச்சு வாங்கும். பெகிமாய் அவள நாலு மாசத்துல வில்லு மாதிரி ஆக்கிட்டா. சந்தோஷம் தாங்கல பெகிமாய்க்கு. மாஸ்கோவுல எல்லாரும் செய்யறதத்தான் இவளும் செஞ்சா. ஜீபெக்கோட பழைய படம் ஒண்ணு, புதுப் படம் ஒண்ணு. ரெண்டையும் ஆளுயரத்துக்குப் பெருசாக்கி, சந்தப் பக்கம் இருக்கே, அந்த ஜன்னல்ல ஒட்டிட்டா.

ஆமா, உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. நீங்களும் இந்தப் பக்கத்து ஆளுதானே. மாஸ்கோக்காரனுக்கு அது விளம்பரம். நம்ம ஊருக்கு? மாமியார் வீட்டுக்கு வரும்போது கொழுகொழுன்னு வந்த பொண்ணு, இப்ப எலும்பும் தோலுமா நிக்கிறா, அதயும் சந்தையே பாக்குற மாதிரி ஒட்டி வச்சிருக்கு! பெகிமாய் இங்க பொறந்தவதான். ஆனா எட்டு வருஷம் வெளிய இருந்துட்டா பாருங்க, மறந்துட்டா.

மத்தியானத்துக்குள்ள ஜீபெக்கோட மாமியார் உல்கான் வந்துட்டா. அறுபத்தி மூணு வயசு. அவ கத்தின கத்துல ஆத்துல பனி வெடிச்சுச்சு தம்பி, மார்ச்சுலதான் வெடிக்கணும், நவம்பர்லயே வெடிச்சுச்சு. ஏண்டி, என் வீட்டுல சோறு இல்லன்னா ஒட்டி வச்சிருக்க? கறி இல்லையா, வெண்ண இல்லையா, எங்க வீட்டு ஆடெல்லாம் செத்துப் போச்சான்னு கேட்டா. அவ நிக்கிறப்பவே ஜீபெக்கோட அப்பன் வீட்டுக்காரங்க அட்-பாஷி ஊர்லேர்ந்து லாரி போட்டு வந்துட்டாங்க. வெறுங்கையா வரல. ஒரு ஆட்டக் கொண்டாந்து வாசல்ல எறக்கி, எங்க பொண்ணுக்குப் போட உங்ககிட்ட இல்ல போல, இந்தாங்கன்னாங்க. உல்கான் மூஞ்சி அப்ப இருந்த இருப்ப நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

படத்தக் கிழிச்சாச்சு. மறுநாள் ஒரு மருமக கூட வரல. அதுக்கு மறுநாளும் வரல. பெகிமாய் ஒத்தையா உக்காந்து, தொடச்ச இரும்பையே திரும்பத் திரும்பத் தொடச்சுக்கிட்டிருந்தா. பெட்டி கட்டி வச்சுட்டா. பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கூட விசாரிச்சுட்டா.

உல்கானுக்குக் கோவம் மட்டும் அடங்கல. இன்னொரு தடவ திட்டிட்டு வரலாம்னு கெளம்பி வந்தா, கையில தடியோட, முட்டி வலியோட. வந்து நின்னு ஆரம்பிச்சா. பெகிமாய் ஒரு முக்காலிய நகத்திப் போட்டு, பெத்த அம்மாவக் கூப்பிடற மாதிரி, அபா, முட்டி வலிக்குதா, உக்காந்து திட்டுங்கன்னா. உல்கான் உக்காந்தா. எழுந்திரிக்க முடியல. பெகிமாய் சொன்னா, கைய ஊணாம எழுந்திரிங்க, அபா, நான் புடிக்க மாட்டேன், பக்கத்துல நிக்கிறேன். அட, நான் என்ன கொழந்தையான்னு ரோஷத்துல ஒரு முக்கு முக்கி எழுந்துட்டா. எழுந்தவ திட்டறத மறந்துட்டா. இன்னொரு தடவ உக்காந்தா, இன்னொரு தடவ எழுந்தா. பத்து தடவ. பத்தாவதுல, நாளைக்கு வந்து மிச்சத்தத் திட்டறேன்னுட்டுப் போனா.

மறுநாள் கூட ரெண்டு மாமியாரக் கூட்டிக்கிட்டு வந்தா.

அப்பதான் பெகிமாய்க்குப் புத்தி வேல செஞ்சுச்சு. இந்த எடத்துல இனிமே இளைக்கிறதுன்னு ஒரு பேச்சே கெடையாதுன்னுட்டா. இளைச்சா நம்ம ஊர்ல அவமானம். பலமானா? பெரும! ரெண்டு மாசம் கழிச்சு ஜன்னல்ல புதுசா ஒரு படம். ஒரு பக்கம் உல்கான் தடி ஊணிக்கிட்டு, இன்னொரு பக்கம் உல்கான் தோள்ல மாவு மூட்ட. கீழ ஒரே வரி, இந்த வீட்டுல நல்ல சாப்பாடுன்னு. அவ்வளவுதான், மத்த வீட்டு மாமியாருங்களுக்கெல்லாம் பத்திக்கிச்சு. எங்க வீட்டுல மட்டும் என்ன பழைய சோறான்னு கெளம்பிட்டாங்க. மாமியார் போனா மருமகளுக்கு என்ன பயம்? பின்னாலயே எல்லாரும் வந்துட்டாங்க. இன்னைக்கு வந்து பாருங்க, நிக்க எடமிருக்காது. கைப்பிடி வச்ச அந்த இரும்புக் குண்டு இருக்கே, அத ஒருத்தி ஆட்டுக்குட்டி மாதிரி கக்கத்துல வச்சுக்கிட்டு டீ குடிக்கிறா. பட்டினியாம்! இங்க யாரு தம்பி பட்டினி?

கெழவனுங்கதான் பட்டினி.

இருங்க, வெளிய சத்தமா? இல்ல, நாய்தான். சரி, சீக்கிரம் சொல்லிடறேன். உல்கானுக்கு ஒரு புருஷன் இருக்கான், பேரு எதுக்கு, வெட்டிப்பய. நாப்பது வருஷமா டீ கைக்கு வரும், வாங்கிக் குடிச்சான். இப்ப வீட்டுக்கு வந்தா அடுப்பு ஆறிக் கெடக்கு, வீட்டுல ஒருத்தரும் இல்ல. பொறுத்துக்கிட்டான். ஒரு நாள் சந்தையில மாவு மூட்டைய அவ அலேக்காத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா, அவன் கூட்டாளிங்க முன்னாடியே. அவனுங்க சும்மா இருப்பானுங்களா? நீயும் ஏறிக்கடா, இன்னொரு தோளு காலியாத்தான் இருக்குன்னானுங்க. வீட்டுக்குப் போனான், பேனாவ எடுத்தான். வயர் சரியில்ல, கூர விழப்போவுது, பொம்பளைங்க மயங்கி விழறாங்க, மருமகளப் பட்டினி போடுறாங்க, வாயில வந்ததெல்லாம் எழுதித் தபால்ல போட்டுட்டான்.

போட்டு மூணு வாரம் ஆச்சு. தண்ணி எடுக்க ஆத்துக்குப் போனவன் பனியில வழுக்கி விழுந்தான். இடுப்பு புடிச்சுக்கிச்சு, அசைய முடியல. கூப்பிட ஆளில்ல. இருட்டறதுக்குள்ள உல்கான் தேடிக்கிட்டு வந்தா. திட்டல தம்பி. குனிஞ்சா, முதுகுல ஏத்திக்கிட்டா, எழுந்தா. பெகிமாய் சொல்லிக் குடுத்த மாதிரியே மூச்ச எண்ணிக்கிட்டு நடந்தா. ஆத்தங்கரையிலேர்ந்து ரோடு வரைக்கும் மேடு, ஒரு தடவ கூட எறக்கல. நான் பாரமா இருக்கேனான்னு கேட்டேன். மாவு மூட்ட பேசாம வரும்யான்னா.

ஆமா. கேட்டேன்னுதான் சொன்னேன். இடுப்பு சரியானதும் நானே இங்க கரி போட வந்துட்டேன். சரி, விடுங்க.

அந்தக் காயிதத்துல ரெண்டாம் பக்கத்துல, உல்கான்னு ஒரு பொம்பளைக்கு இங்க வந்து புத்தி கலங்கிடுச்சுன்னு எழுதியிருக்கும் பாருங்க, அத மட்டும் சத்தமாப் படிச்சுராதீங்க. பெகிமாய் முன்னாடி படிச்சே ஆகணும்னா, நான் வாபஸ் வாங்கிக்கறேன், எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க, பேனா என்கிட்டயே இருக்கு. வயர நல்லா பாத்துட்டுப் போங்க, கூரையப் பாருங்க, எல்லாம் கெட்டியா இருக்கு. என்மேல கேஸ் போடறதா இருந்தாலும் போடுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். இந்த எடத்த மட்டும் மூடாதீங்க.

வந்துட்டாங்க, அதோ முன்னால வர்ற பச்சத் துணிக்காரிதான் உல்கான். புகார் சொன்னது யாருன்னு கேட்டா, வழியில எவனோ ஒரு குடிகாரன் சொன்னான்னு சொல்லிடுங்க தம்பி, என் பேரு மட்டும் வாயில வரக்கூடாது.