வள்ளி குறுக்கே வைத்த மரத்துண்டுகள்

பஸ்ஸிலிருந்து முதலில் குதித்தவன் நான். மறைத்துப் பயனில்லை. நாற்பது பேரில் குழந்தைகளின் பயத்தையும் புத்தியையும் சோதிக்கச் சம்பளம் வாங்குபவன் நான் ஒருவன்தான். சன்னல் வழியாகக் குதிக்கிறேன். யாரையோ மிதிக்கிறேன்.

இட ஒதுக்கீட்டு மறியலின் முதல் நாள். செவ்வாய். காலை ஆறு பத்து. கச்சிராயபாளையம் சாலை. மறியலுக்கு முன்பே போய்விடலாம் என்பது என் கணக்கு. கோடரிச் சத்தம். டொக். டொக். நெறுநெறுவென்று புளியமரம் சாய்கிறது. டிரைவர் பின்னால் எடுக்கிறார். பின்னாலும் ஒரு மரம். கண்ணாடி சிதறுகிறது.

"எறங்குங்க! கல்லு வுடறானுங்க! கொழந்தைங்கள மொதல்ல எறக்குங்க!"

கண்டக்டர். நான் அதற்குள் கரும்புக்குள் படுத்துவிட்டேன்.

அங்கிருந்து பார்க்கிறேன். குறுக்கே மரம். நடுவில் பஸ். குறுக்கே இன்னொரு மரம். இதை முன்பே பார்த்திருக்கிறேன். என் மேஜை மேல்.

வள்ளி. ஒன்பது வயது. முந்தைய மறியலுக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது என்று அவள் அம்மா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு, என்னிடம் கூட்டி வந்தாள். என் சோதனைப் பலகையில் பத்துக் குழி. பத்து மரத்துண்டு. ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் போட வேண்டும். வள்ளி ஒன்றைக்கூடப் போடவில்லை. நாலைந்தைக் குறுக்கே அடுக்கினாள். தள்ளி, இன்னும் நாலைந்து. நடுவில் வட்டத் துண்டு. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். 'புத்தி வளர்ச்சி குறைவு' என்று எழுதிப் பள்ளிக்கு அனுப்பினேன்.

எழுந்து நடக்கிறேன். நீளமான சாலை. நான் மட்டும். காக்கைகள்கூட மறியலில் இருந்தன.

பிள்ளைகள் வராத வள்ளியின் பள்ளியில் தலைமையாசிரியர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன்.

"நீங்க எழுதினத வச்சிதான் சார் பேர எடுத்தோம். இனிமே ஜூன்லதான்."

அவள் வீட்டுக்குப் போனேன். வள்ளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. முந்தைய மறியலன்று பஸ்ஸில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். தம்பிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. முன்னும் பின்னும் மரம். வள்ளியின் மடியிலேயே போய்விட்டான்.

இரண்டு மறியலுக்கும் சேர்த்து எண்ணி எழுதுகிறேன். புளியமரம் இரண்டு. பஸ் கண்ணாடி பதினொன்று. ஒன்றரை வயதுத் தம்பி ஒன்று. வள்ளியின் பேச்சு. என் கையெழுத்தால் அவள் இழந்த பள்ளி வருடம் ஒன்று.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றேன். அம்மா முறத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"இவள இட்டாந்த அன்னிக்கே சொல்லிக்கினுதான் இருந்தேன் சார். எழுதறேன், சும்மா இரும்மான்னீங்க."